இயக்குநர் அறைத் தாழ்ப்பாள்

பெருங்குடல் பேராய்வு மையத்தில் நோயாளிகளுக்கென்று கழிவறை கிடையாது. இருந்த ஒன்றையும் அறிவியல் எடுத்துக்கொண்டுவிட்டது. காத்திருப்புக் கூடத்தை ஒட்டியிருந்த அந்தச் சின்ன அறையின் கதவில் ஒரு நாள் ‘மாதிரி சேகரிப்பு மண்டலம்’ என்று பலகை மாட்டினார்கள். அன்றிலிருந்து வயிறு முட்டுகிறது என்பதற்காக யாரும் அங்கே போகக் கூடாது, ஆய்வுக்காகத்தான் போகலாம். எந்தத் துறையின் ஆய்வுக்காகப் போகிறோம் என்று மேசையில் சொல்லி, அந்தத் துறையின் நிறத்தில் ஒரு டப்பா வாங்கி, காவலாளியிடம் சாவி கேட்டு, அதன் பிறகு போகலாம். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் இந்த நோயின் முதல் அடையாளம் என்று அதே கூடத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள்.

இந்த மையத்துக்குத்தான் நம்முடைய கிரேன்காரர் வந்து சேர்ந்தார்.

அவர் கட்டுமான வேலையில் உயரக் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மேலே ஓர் ஆள் உட்காரும்படி ஒரு கண்ணாடிக் கூண்டு. மத்தியானச் சோறும் அதற்குள்ளேயே. கீழே நின்று மச்சினன் கை காட்டுவான், இவர் மேலேயிருந்து கம்பிக் கட்டைத் தூக்கிக் காட்டிய இடத்தில் பூ மாதிரி வைப்பார். அத்தனை உயரத்தில், அத்தனை சின்ன இடத்தில், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் நாளெல்லாம் உட்கார்ந்திருக்க ஒரு தனி மனசு வேண்டும். கிரேன்காரருக்கு அது நிறையவே இருந்தது.

கெட்டுப்போனது குடல்தான். பெருங்குடலின் உள்சுவரில் புண் வந்து, ரத்தமும் சளியுமாகப் போக ஆரம்பித்தது. ஒரு நாள் காங்கிரீட் வாளி நடுவானில் தொங்கிக்கொண்டிருக்கும்போது வயிறு பிசைந்தது. வாளிக்குக் கீழே ஆட்கள் நின்றிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாளியை அலுங்காமல் இறக்கி வைத்தார். மற்றதைத்தான் அடக்க முடியவில்லை. எல்லாரும் வேலை முடிந்து போகும்வரை கூண்டைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மாற்றுத் துணியைப் பையில் போட்டுக்கொண்டு மச்சினன்தான் ஏணி ஏறி வந்தான். பையை நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் மேற்பார்வையாளர் இவரைக் கேட்டில் உட்கார்ந்து லாரி எண்ணச் சொல்லிவிட்டார். கிரேன்காரர் அவமானத்தில் செத்துப் போனார் என்றே சொல்லலாம்.

மையத்தின் வரவேற்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள். கிரேன்காரரும் அவர் மனைவியும் அவள் முன்னால் போய் நின்றார்கள். மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வாய்த்துடுக்கு கொஞ்சம் கூடுதல்.

“உங்களுக்கு எதனால வந்துச்சு சார்?” என்று கேட்டாள் மேசைப் பெண்.

“அது தெரிஞ்சா நான் ஏம்மா இங்க வரேன்?”

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. சொன்னாத்தான் எந்தக் கட்டடம்னு அனுப்ப முடியும்.”

விஷயம் இதுதான். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே பகையாளி என்று நினைத்துத் தாக்குகிறது என்பதில் மையத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது ஏன் அப்படி நினைக்கிறது என்பதில்தான் தகராறு. குடலில் குடியிருக்கும் கிருமிகளால் என்றது வடக்குக் கட்டடம். எதிர்ப்புச் சக்திக்கே புத்தி கெட்டுவிட்டது என்றது தெற்குக் கட்டடம். எல்லாம் பரம்பரை என்றது கிழக்கு. மனசும் சாப்பாடும் என்றது மேற்கு. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம் என்று எவரோ ஓர் இளம் டாக்டர் ஒருமுறை சொல்லிவிட்டார். அவருக்கு எந்தக் கட்டடத்திலும் நாற்காலி கிடைக்காததால் வேலையை விட்டுப் போய்விட்டார். நான்கு கட்டடங்களுக்கும் நடுவே இருந்த பாதையில் பீரோக்களை இழுத்துப் போட்டு அடைத்தாயிற்று. ஒரு கட்டடத்து ஆட்களின் அட்டையைக் காட்டினால் இன்னொரு கட்டடத்துக் கழிவறைகூடத் திறக்காது.

“கழிவறை பக்கத்துல இருக்கிற காரணமாப் பாத்துச் சொல்லுங்க,” என்றாள் மனைவி.

அப்படித்தான் கிரேன்காரர் தெற்கைத் தேர்ந்தெடுத்தார். அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். தெற்கில் ஒரு புது மருந்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டும். நர்ஸம்மா கையில் ஊசியைச் செருகி, பையிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார். பக்கத்து நாற்காலியில் ஒரு டியூஷன் டீச்சர் உட்கார்ந்திருப்பாள், அவளுக்கும் இதே நோய். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடியதால் பிள்ளைகள் குறைந்து, கடைசியில் தன் அக்கா மகள் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு சமாளித்தவள். மருந்து இரண்டு பேருக்கும் பிடித்தது. ரத்தம் நின்றது. உடம்பில் சதை போட்டது. டீச்சர் வீட்டு வாசலில் மறுபடி செருப்புகள் சேர்ந்தன. கிரேன்காரர் மறுபடி ஏணி ஏறினார். கூண்டில் உட்கார்ந்து நெம்புகோலைத் தொட்டதும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீழேயிருந்து மச்சினன் அதைப் பார்க்க முடியாது என்பதால் தாராளமாக அழுதார்.

குணமான சேதி பரவியதும் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். இயக்குநர் மெத்தப் படித்தவர், அதைவிட மெத்தப் பேசுகிறவர்.

“முதல்ல வாழ்த்துகள்,” என்றார். “நீங்க குணமாயிட்டீங்க. எங்க கவலையே அதுதான்.”

“கவலையா சார்?”

“எதனால குணமானீங்கன்னு நாலு துறைக்கும் நாலு கருத்து. மருந்தாலன்னு தெற்கு சொல்லுது. மருந்து கிருமிங்களை மாத்திச்சு, அதனாலன்னு வடக்கு சொல்லுது. உங்க அப்பா வழி உடம்பு கெட்டி, அதனாலன்னு கிழக்கு. மேற்கு என்ன சொல்லுதுன்னா, நர்ஸம்மா உங்ககிட்ட சிரிச்சுப் பேசினாங்களாம், அதனாலயாம்.”

“எதனாலயோ இருந்துட்டுப் போகட்டும் சார். அடுத்த மருந்து எப்போ?”

“எதனால குணமாகுறோம்னு தெரியாமலே ஒருத்தர் பாட்டுக்குக் குணமாகிட்டே போறதை அறிவியல் அனுமதிக்காது. மருந்தை நிறுத்திப் பாக்கணும். நீங்க மறுபடி படுத்துட்டீங்கன்னா மருந்துதான் காரணம்னு ஆயிடும்.”

“படுக்கலேன்னா?”

“அப்போ மருந்தே தேவையில்லைன்னு ஆயிடும். எப்படிப் பாத்தாலும் உங்களுக்கு மருந்து கிடையாது. இதைவிடத் தெளிவான ஆய்வு முறை எங்கயும் கிடையாதுங்க.”

கிரேன்காரருக்குத் தலை சுற்றியது. அவருக்கு உயரத்தில்கூடத் தலை சுற்றியதில்லை.

ஆய்வில் இருந்த எல்லாருக்கும் மருந்து நின்றது. சில வாரங்கள் தாக்குப்பிடித்தது உடம்பு. பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று. மேற்பார்வையாளர் சொல்லுமுன் கிரேன்காரர் தானே போய்க் கேட்டில் உட்கார்ந்துகொண்டார். கையோடு மையத்துக்கும் ஓடினார். இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கை குலுக்கினார்.

“அருமையான சேதி. மருந்துதான் காரணம்னு நிரூபணமாயிடுச்சு.”

“அப்போ குடுங்க சார்.”

“குடுத்தா குணமாயிடுவீங்களே. அப்புறம் நிரூபணம் எங்க நிக்கும்? ஆய்வு வெற்றிகரமா முடிஞ்சு போச்சுங்க. முடிஞ்ச ஆய்வுல நாங்க கை வைக்கிறதில்ல.”

வெளியே வந்தபோது நர்ஸம்மா தாழ்வாரத்தில் நிறுத்தினார். அவர் முகம் வாடியிருந்தது.

“உங்க பேருக்கும் டீச்சர் பேருக்கும் இன்னும் மத்தவங்க பேருக்கும் வந்த மருந்து மிச்சம் இருக்கு. ஃபிரிட்ஜ்லதான் இருக்கு. விழா முடிஞ்சதும் அழிச்சிடணும்னு உத்தரவு. என் கையால அதைக் கொட்டுறதுக்கு எனக்கு மனசே வரல. ஆனா இயக்குநர் கையெழுத்து இல்லாம ஒரு சொட்டுகூட எடுக்க முடியாது.”

“என்ன விழா?”

“வெள்ளி விழா. உங்களுக்கு அழைப்பு வரும் பாருங்க.”

வந்தது. குணமானவர்கள் என்று மேடையில் காட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். கிரேன்காரரையும் டியூஷன் டீச்சரையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இயக்குநரின் உதவியாளர் போன் செய்து, மேடையேறி ‘நான் குணமாகிவிட்டேன்’ என்று ரெண்டு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

“நான்தான் இப்ப குணமா இல்லையே,” என்றார் கிரேன்காரர்.

“ஆய்வுப்படி நீங்க குணமாயிட்டீங்க. இப்ப இருக்கிறது ஆய்வு முடிஞ்சதுக்கு அப்புறம் வந்தது. அது எங்களைச் சேர்ந்ததில்ல, உங்க சொந்த விஷயம்.”

போக மாட்டேன் என்று வீட்டில் வந்து குதித்தார். மனைவி வேன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“நீங்க வாங்க, நான் கொண்டு விடுறேன். அவங்க வாயால கூப்பிட்டு உள்ள விடுறப்போ எதுக்கு வெளிய நிக்கணும்? மேடையில ஏத்தினா அவங்க எழுதிக் குடுத்ததைத்தான் பேசணும்னு சட்டமா?”

விழா நாளன்று மையம் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மாதிரி சேகரிப்பு மண்டலத்தின் கதவுக்குக் குறுக்கே பட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். புதுப்பித்த மண்டலத்தைத் தலைமை விருந்தினர் ரிப்பன் வெட்டித் திறந்து வைக்க வேண்டும், அதுவரை யாரும் டப்பாவோடுகூட உள்ளே போகக் கூடாது. கிரேன்காரரையும் டீச்சரையும் கசங்காமல் இருப்பதற்காக இயக்குநர் அறையிலேயே, தோல் உறையிட்ட சோபாவில் உட்கார வைத்தார்கள். அரங்கத்தில் நடப்பது அறையிலிருந்த ஒலிபெருக்கி வழியே கேட்டது.

தலைமை விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். “ஒரு கேள்வியை விடை கண்டுபிடித்து அழித்துவிடுவது யாராலும் முடியும். அதை இருபத்தைந்து ஆண்டுகள் சேதமில்லாமல் பாதுகாப்பது இந்த மையத்தால் மட்டுமே முடியும்.” கைதட்டல் ஓயவில்லை.

அப்போதுதான் கிரேன்காரருக்கு வயிறு பிசைந்தது. எழுந்தார். இயக்குநர் மேசைக்குப் பின்னால் தேக்குக் கதவு ஒன்று இருந்தது.

“அது இயக்குநரோட சொந்தக் கழிவறை,” என்று உதவியாளர் குறுக்கே வந்து நின்றார். “மேடையேறுறதுக்கு முன்னாடி சார் ஒருதடவை போவார். அது அவருக்குப் பழக்கம். வேற யாரும் போகக் கூடாது.”

“தம்பி, நகருறியா, இல்ல இந்தக் கம்பளத்துல நடக்கட்டுமா?”

உதவியாளர் கம்பளத்தைப் பார்த்தார், நகர்ந்தார்.

உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார் கிரேன்காரர். விரல் மொத்தத்துக்கு எஃகுத் தாழ்ப்பாள். ‘டக்’ என்று உட்கார்ந்தது. அடுத்த சில நிமிஷங்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வேதனையும் ரத்தமும் அவருக்குப் பழகியவை, படிக்கிறவர்களுக்கு வேண்டாம்.

எழுந்து கை கழுவிய பிறகுதான் சுற்றிப் பார்த்தார். வாசனை சோப்பு. மெத்தென்று துண்டு. உட்கார்ந்தபடி கேட்பதற்கு இங்கேயும் ஒரு சின்ன ஒலிபெருக்கி. உயரத்தில் ஒரு ஜன்னல், அதில் கொஞ்சம் வானம். அறை அவருடைய கிரேன் கூண்டின் அளவுதான் இருந்தது. கதவைத் திறக்கத் தாழ்ப்பாளின் மேல் வைத்த கையைக் கிரேன்காரர் எடுத்துவிட்டார். மூடியைப் போட்டு அதன் மேல் வசதியாக உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது அவருக்கு.

மனைவிக்குப் போன் போட்டார். “நான் உள்ள இருக்கேன். மருந்து குடுக்கிற வரைக்கும் வெளிய வரதா இல்ல.”

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள் அவள். பிறகு, “வேனை வாசல்லயே போட்டிருக்கேன். நிதானமா வாங்க,” என்றாள்.

உதவியாளர் கதவைத் தட்டினார். கெஞ்சினார், மிரட்டினார். “ஃபிரிட்ஜ்ல இருக்கிற மருந்து வேணும்,” என்றார் கிரேன்காரர் உள்ளேயிருந்து. “எனக்கு மட்டுமில்ல, டீச்சருக்கும், ஆய்வுல இருந்த எல்லாருக்கும். நிறுத்தாம வேணும். இயக்குநரை வரச் சொல்லுங்க.”

இயக்குநர் வருமுன் துறைத் தலைவர்கள் நால்வரும் வந்து சேர்ந்தார்கள். பல வருஷங்களாக ஒரே அறையில் நிற்காதவர்கள் ஒரு கழிவறைக் கதவின் முன்னால் வரிசையாக நின்றார்கள். நோயாளி ஏன் வெளியே வரவில்லை என்பதற்கு உடனடியாகக் காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

“இது கிருமிங்க பண்ற வேலை,” என்றார் வடக்கு. “குடல்ல சில கிருமிங்க கூடினா பிடிவாதம் வரும். நான் நீண்ட காலமா சொல்லிட்டு வரேன். ஐயா, உள்ள இருக்கிற நீங்க கொஞ்சம் தண்ணி ஊத்தாம வைக்க முடியுமா? மாதிரி எடுக்கணும்.”

“மன்னிக்கணும்,” என்றார் கிழக்கு. “இது குடும்பத்துல வரது. உங்க அப்பா எப்பவாவது உள்பக்கமாத் தாழ்ப்பாள் போட்டிருக்காரா? தாத்தா, பெரியப்பா யாராவது?”

“எல்லாரும் போட்டிருக்காங்க சார். கழிவறைக்குப் போனா போடுவாங்க,” என்றார் கிரேன்காரர்.

கிழக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “மூணு தலைமுறை,” என்று மற்றவர்களிடம் சொன்னார்.

தெற்கு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நோயாளி மையத்தின் ஓர் உறுப்பு. அவர் மையத்தையே எதிர்க்கிறார் என்றால் மையத்தின் எதிர்ப்புச் சக்தி தன்னைத்தானே தாக்குகிறது என்றுதான் பொருள். ஆகவே கதவுக்குத்தான் மருந்து ஏற்ற வேண்டும் என்றார். மேற்கு கதவில் காதை வைத்து, சின்ன வயசில் யாராவது உங்களைத் தனியறையில் பூட்டி வைத்தார்களா, மனம்விட்டுப் பேசுங்கள் என்று கேட்டார்.

“யாரும் பூட்டல. நானாத்தான் போய் உட்காருவேன். அதுதான் என் தொழில்,” என்றார் கிரேன்காரர்.

டியூஷன் டீச்சர் சோபாவில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு பேரும் காரணங்களை அடுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: “அவர் மருந்து வேணும்னு சொல்றாருங்க. காது கேக்குது இல்ல?”

“அது அவரோட கருத்து,” என்றார்கள் நால்வரும். இருபத்தைந்து வருஷத்தில் அவர்கள் ஒருமித்துச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

இந்த நேரத்தில் இயக்குநர் வந்தார். நடை வேகமாக இருந்தது. வேகத்துக்குக் காரணம் கோபம் மட்டுமல்ல. ஒலிபெருக்கியில் தலைமை விருந்தினர் முடிவுரைக்கு வந்துகொண்டிருந்தார். அடுத்துப் பேச வேண்டியவர் இயக்குநர். பேசுமுன் போக வேண்டியவரும் அவரே.

“கதவைத் திறங்க,” என்றார்.

“மருந்துக்குக் கையெழுத்துப் போடுங்க.”

“அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குய்யா. காரண நிர்ணயக் குழு கூடணும். பரிசீலிக்கணும். இப்படி அவசரப்பட்டா எப்படி?”

“எனக்கு ஒண்ணும் அவசரமில்ல சார். நான் முடிச்சிட்டேன்.”

இயக்குநர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். மாதிரி சேகரிப்பு மண்டலத்துக்கு ஆள் அனுப்பினார். ரிப்பன் இன்னும் வெட்டவில்லை என்று பதில் வந்தது. தலைமை விருந்தினருக்கு முன்னால் வெட்டினால் விழாவுக்கே இழுக்கு. துறைக் கட்டடங்களின் கழிவறைக்குப் போகலாம் என்றால், அங்கே துறை அட்டை இருந்தால்தான் கதவு திறக்கும். இயக்குநர் எந்தத் துறையையும் சாராத நடுநிலையாளர் என்பதால் எந்தத் துறையின் அட்டையும் அவரிடம் கிடையாது. நான்கு தலைவர்களும் தத்தம் அட்டையை ஆவலாக நீட்டினார்கள். ஒருவர் அட்டையை வாங்கினால் அந்தக் காரணத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது இயக்குநருக்கு அந்த நிலையிலும் உறைத்தது. நீட்டிய கைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“ஐயா,” என்றார் கதவிடம். குரல் இறங்கியிருந்தது. “எனக்குக் கொஞ்சம் அவசரம்.”

“எதனால சார்?”

“என்ன?”

“எதனால வந்துச்சுன்னு தெரியாம எப்படித் திறக்கிறது? கிருமியாலயா, பரம்பரையா, மனசு சரியில்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. சொன்னாத்தான் பரிசீலிக்க முடியும்.”

டீச்சர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இயக்குநருக்கு வேர்த்தது. மேடையேறுமுன் தனக்கு ஏன் இப்படி வருகிறது என்று இத்தனை வருஷத்தில் அவர் யோசித்ததே இல்லை. கதவு திறந்தே இருந்ததால் யோசிக்கத் தேவையும் வரவில்லை.

“எனக்குத் தெரியாதுய்யா,” என்றார். “தெரியல. போகணும், அவ்வளவுதான்.”

அந்த மையத்தின் இயக்குநர் தெரியாது என்று சொன்னது அதுவே முதல்முறை. உள்ளே கிரேன்காரருக்கு அந்த மனுஷன் மேல் இரக்கம் வந்துவிட்டது. இந்த அவஸ்தை தெரிந்தவர் வேறு எப்படி இருப்பார். ஆனாலும் தொங்கும் வாளியைக் கைநழுவ விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

“எனக்கும் அவ்வளவுதான் சார். மேல உட்கார்ந்திருக்கேன், கீழ ஆள் நிக்குது, வயித்தைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். எதனாலன்னு எனக்கும் தெரியாது. மருந்து போட்டா நிக்குது. அது மட்டும் தெரியும். நீங்க கையெழுத்துப் போடுங்க, நர்ஸம்மா வந்து ‘மருந்து ரெடி’ன்னு அவங்க வாயால சொல்லட்டும், அடுத்த நொடி திறக்கிறேன். உங்க பேச்சை நம்பமாட்டேன், கோவிச்சுக்காதீங்க.”

ஒலிபெருக்கியில் கைதட்டல் கேட்டது. ‘அடுத்ததாக நம் பேரன்புக்குரிய இயக்குநர் அவர்கள்’ என்று ஒரு குரல் அழைத்தது.

இயக்குநர் கையெழுத்துப் போட்டார். உதவியாளரின் முதுகையே மேசையாக்கி, கால்களைப் பின்னிக்கொண்டு, ஆய்வில் இருந்த எல்லாருக்கும் மருந்தைத் தொடர வேண்டும் என்று எழுதிப் போட்டார். காரண நிர்ணயக் குழுவின் நான்கு உறுப்பினர்களும் அங்கேயே இருந்ததால் குழு கூடியதாகவும் ஆயிற்று. நர்ஸம்மா ஃபிரிட்ஜைத் திறக்க ஓடிய சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. மருந்துப் பைகளோடு வந்து, இயக்குநரின் கோட்டு மாட்டும் கம்பத்தில் அவற்றைத் தொங்கவிட்டு, கதவருகே போய்ச் சொன்னார்: “அண்ணா, ரெடி. வாங்க.”

தாழ்ப்பாள் விலகியது. கிரேன்காரர் வெளியே வர, இயக்குநர் உள்ளே போனார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அரங்கத்தில் கூட்டம் காத்திருந்தது. உதவியாளர் கதவைத் தட்டப் போனார். சோபாவில் கையை நீட்டி உட்கார்ந்திருந்த கிரேன்காரர் அவரைத் தடுத்தார்.

“தட்டாதீங்க தம்பி. உள்ள இருக்கிறவங்களை அவசரப்படுத்தக் கூடாது.”

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து தன் பையில் இறங்கும் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஓடிய கண்ணீரை அவள் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. வெள்ளி விழாவில் குணமானவர்கள் மேடையேறவில்லை. குணமாகிக்கொண்டிருந்தார்கள், நேரமில்லை.

மருந்து தொடர்ந்தது, உடம்பு தேறியது, கிரேன்காரர் மறுபடி கூண்டேறினார். மையம் சும்மா இருக்குமா? விழா நாளின் நிகழ்ச்சிகளை ஆழ்ந்து ஆராய்ந்து இயக்குநர் ஓர் உரை நிகழ்த்தினார். நோயாளி கதவைச் சாத்திக்கொண்டதிலிருந்துதான் தேற ஆரம்பித்திருக்கிறார். ஆகவே நோய்க்குக் காரணம் திறந்த கதவுகளாக இருக்கலாம் என்றார். மறு மாதமே ஐந்தாவது கட்டடத்துக்கு அடித்தளம் போட்டு, கதவுத் துறை என்று பெயரும் வைத்தார்கள். கதவின் பலனைச் சரியாக அளக்க வேண்டும் என்றால் முதலில் தாழ்ப்பாள் இல்லாமல் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்து, மையத்தில் இருந்த எல்லாத் தாழ்ப்பாள்களையும் கழற்றினார்கள். முதலில் கழன்றது இயக்குநர் அறைத் தாழ்ப்பாள்.

அடுத்த முறை மருந்துக்குப் போனபோது காத்திருப்புக் கூடத்தில் ஆய்வில் இருந்த நோயாளிகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைப் பெண் தலையைத் தூக்காமலே அறிவித்தாள்: “கதவுத் துறையோட ஒப்புதல் இன்னும் வரல. குழு அடுத்த மாசம் கூடும். மருந்து இன்னைக்குக் கிடையாது.”

கிரேன்காரர் மடியிலிருந்த பையைத் திறந்தார். தாழ்ப்பாள்களைக் கழற்றிய சேதி கேட்டு மச்சினன் வேலை இடத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த கனத்த இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று உள்ளே இருந்தது, திருகாணிகளும் திருப்புளியும் துணியில் சுற்றி அதன் பக்கத்தில். இயக்குநர் அறைப் பக்கம் பார்த்தபடி எழுந்தவர், பக்கத்து நாற்காலியில் ஏதோ கிலுங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினார். டியூஷன் டீச்சர் தன் கைப்பையைத் திறந்து காட்டினாள். அவளுக்கு அப்பால் இருந்தவரும் திறந்தார், அவருக்கு அப்பால் இருந்தவளும்.

டீச்சருடைய தாழ்ப்பாள் பித்தளை.